மஸாஹிர் எண்ணிய நாட்கள்

மஸாஹிர் நானா உட்கார்ந்து தேநீர் குடித்ததை எத்தாளையில் யாரும் கண்டதில்லை. கடைக்கு முன்னால் மீன் லொறியை நிறுத்துவார், என்ஜினை நிறுத்தமாட்டார். ஜன்னலால் ஒரு கை வெளியே வரும், பிளேன்டீ உள்ளே போகும், வெறும் கோப்பை வெளியே வரும். கோப்பையின் சூடு ஆறுவதற்குள் லொறி வளைவைத் தாண்டியிருக்கும்.

"அவருக்குத் தொண்டை தகரத்தால செஞ்சது" என்பார் கடைக்காரர்.

பள்ளிவாசலிலும் அதே கதைதான். "மஸாஹிர் தொழ வந்தா இமாமுக்கே பயம், எங்க தனக்கு முந்தி ஸலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சிருவாரோண்டு" என்று வுளூச் செய்து கைகால் கழுவும் தொட்டியடியில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், சட்டைக் கையை இறக்கிக்கொண்டே, செருப்பைத் தேடிக்கொண்டே. அவரிடம் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்றில் எத்தாளைக் கரை, மற்றதில் சிலாபம் சந்தை. யாராவது, "நானா, கொஞ்சம் நிண்டு கதைச்சிட்டுப் போங்களேன்" என்றால் ஒரே பதில்.

"நிண்டா ஐஸ் உருகும்."

வாதம் செய்ய முடியாத பதில் அது. ஐஸ் உருகத்தான் செய்யும்.

அவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது. அந்தக் கதையை அவர் லொறிக்குள் வைத்து, கியர் மாற்றிக்கொண்டே சொல்வார். "எங்கட உம்மா என்னத்த எடுக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டே நிண்டா. அலுமாரியத் திறப்பா, மூடுவா. பக்கத்து வீட்டுக்காரன் மூட்டையோட றோட்டுக்கு ஏறிட்டான். நாங்க வெறுங்கையோட வந்தம். யோசிச்சதால வந்த வினை." வழியில் எல்லாருடைய மூட்டைகளும் பறிக்கப்பட்டன என்பதை அவர் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் வெறுங்கையோடுதான் வந்து சேர்ந்தான். ஆனால் அவருடைய ஐந்து வயதில், அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் உம்மாவோடு கதை முடிந்துவிட்டது.

கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். இருபத்தெட்டு வயதில் எத்தாளைக்கு மாப்பிள்ளையாக வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது. ஸுஹைராவின் வாப்பா மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தார் மஸாஹிர். முதல் இரண்டு வருடம் 'அகதி மாப்பிள்ளை' என்றுதான் ஊர் சொன்னது. லொறி எடுத்த பிறகு அந்தப் பெயர் வாய்களுக்குள் போய்விட்டது. வாயை விட்டுப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் இன்னும் வேகமாக ஓடினார்.

அவர்களுக்கு ஒரே மகள், மபாஸா. ஒன்பது வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், கிட்டப் போய்த் தொட்டால்தான் திரும்புவாள். "வகுப்பில பின் வாங்கில இருந்தா இவளுக்கு ஒண்டும் கேக்குதில்ல, காதை ஒருக்கா காட்டுங்க" என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். ஸுஹைரா அதைக் கணவரிடம் சொன்னாள். ஒரு மாதம் சொன்னாள். ஒவ்வொரு நாளும் சிலாபத்துக்குப் போகும் லொறி வாசலில் நின்றது. ஆஸ்பத்திரியும் சிலாபத்தில்தான் இருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைசியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் தாயையும் மகளையும் இறக்கிவிட்டு, "அரை மணித்தியாலம், மீன இறக்கிட்டு வாறேன்" என்றார். சந்தையில் மீனை இறக்கினார். அந்த நேரம் ஒரு போன் வந்தது. கொழும்புக்கு உடனே ஒரு லோட் கெலவல்லா மீன். ஏற்றினார், போனார்.

மறந்துவிட்டார். அவ்வளவுதான். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

ஸுஹைரா பின்னேரம் மூன்றரை வரை வாசலில் நின்றாள். இரண்டு போனும் பேச்சிலேயே இருந்தன. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, பாலாவியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

அடுத்த நாள் காலை அவர் வந்தார். எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி. லொறி ஸ்டார்ட்டில் நின்றது. ஆனாலும் கேட்டது.

"பஸ் இருக்குதானே ஸுஹைரா. பஸ்ஸில வந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"நான் பஸ்ஸக் கேக்கல்ல மபாஸாட வாப்பா." அவள் குரல் உயரவில்லை. "இந்தப் பதினொரு வருஷத்துல, ஒரு மீன் பெட்டிய எங்கயாவது மறந்து வச்சிட்டு வந்தீக்கீங்களா? ஒண்டு, ஒரு பெட்டி. அத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்திருந்தால் பதில் தெரிந்திருக்கும். ஒரு காதில் போன் இருந்தது, கையில் சாவி இருந்தது, கரையில் ஐஸ் பெட்டிகள் காத்திருந்தன. வேலியில் நாலைந்து முகங்கள் முளைத்திருந்தன. அதில் எங்கேயோ பழைய பெயரும் நின்றிருக்க வேண்டும். அவர் சொன்னார்.

"ஒன்ன நான் தலாக் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.

இதைவிடப் பெரிய கொடுமை அடுத்த நாள் நடந்தது. பகல் சாப்பாட்டுக்கு வழக்கம் போல வாசலில் ஹோர்ன் அடித்தார். ஸுஹைராவின் மூத்த சகோதரர் ஜௌபர் வெளியே வந்து படலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தையல்காரர், நிதானமான மனிதர்.

"என்ன மச்சான், சோத்துக்கா?"

"ஓம் மச்சான், கெதியா. பாலாவியில ஆள் நிக்கிறான்."

"நேத்து இந்த எடத்துல நிண்டு என்ன சொன்னீங்கண்டு ஞாபகம் ஈக்கா?"

வேலியடியில் நின்று மஸாஹிரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உண்மையாகவே தேடினார். பையில் சில்லறை தேடுவது போல. கண்டுபிடித்தபோது வாய் திறந்தபடி நின்றது. போன் அடித்தது. எடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். மௌலவி, ஜௌபர், மஸாஹிர். பதிவெழுதுவது என் வேலை என்பதால் நானும் மூலையில் கொப்பியோடு இருந்தேன்.

"என்ன நிய்யத்துல, என்ன எண்ணத்துல சொன்னீங்க, மஸாஹிர்?" என்று கேட்டார் மௌலவி.

"நிய்யத்தா? லொறி ஸ்டார்ட்டுல நிண்டது மௌலவி."

ஜௌபர் சுவரைப் பார்த்தார். மௌலவி தாடியைத் தடவினார். பிறகு சொன்னார். "சொல்லு தெளிவா ஈக்கு. நிய்யத்து இல்லெண்டாலும் தலாக் விழுந்திட்டு. ஆனா ஒண்டுதான் விழுந்தீக்கி. அல்லாஹ் ஒங்களுக்குக் கதவத் தெறந்து வச்சீக்கான். இத்தா, அவ காத்திருக்கிற காலம், முடியிற வரைக்கும் நீங்க மீட்டிக்கொள்ள ஏலும். புது நிக்காஹ் வேணாம், மஹர் வேணாம். 'உன்னை மீட்டுக்கொண்டேன்' எண்டு ஒரு சொல்லு. ஒரு சொல்லால ஒடஞ்சது ஒரு சொல்லால ஒட்டும். இப்பவே சொல்லலாம், நாங்க சாட்சி."

அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மஸாஹிர் நெற்றியைத் துடைத்தார்.

"இப்ப எப்படி மௌலவி? லோட் நிக்குது. இது அவசரத்தில செய்யிற வேலையா? பிழை என்னிலதான். நான் ஒரு நாள் ஆறுதலா வந்து, இருந்து, அவளோட கதைச்சுச் சொல்லுறன்."

தலாக்கை அவசரத்தில் சொன்னவர், மீட்பதற்கு மட்டும் ஆறுதலைத் தேடினார். அன்று எனக்கு அது நல்ல மனிதனின் பேச்சாகவே பட்டது.

"நல்லம்" என்றார் மௌலவி. "ஆனா இத்தாட காலத்தக் கவனமா வெளங்கிக்கொள்ளுங்க. அது..."

போன் அடித்தது. மஸாஹிர் கையைக் காட்டிவிட்டு விறாந்தைக்குப் போனார். மௌலவி தொடங்கியதை நிறுத்தாமல் ஜௌபருக்கும் எனக்கும் சொல்லி முடித்தார்: மாதவிடாய்களுக்கு இடையே வரும் மூன்று துப்புரவுக் காலம், அது பெண்ணுடைய கணக்கு, அவள் சொல்வதுதான் கணக்கு, இரண்டு மாதத்தில் முடியலாம், மூன்று மாதம் வரைக்கும் போகலாம். வெளியே, "ஐஸ் எத்தின கட்டி? எத்தின?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது மௌலவி, "வெளங்கிச்சா?" என்றார்.

"விளங்கிச்சு மௌலவி."

அவர் எதையும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜௌபருக்கும் தெரியும். ஜௌபர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தங்கையின் பக்கம் நின்று பார்க்க ஒரு நியாயம் இருந்தது. நான் திறக்காததற்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் என் குரல் எப்போதும் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். கொப்பியில் திகதியை எழுதினேன். எழுத்து அழகாக வந்தது.

'இத்தா' என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது. அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஏற்கனவே ஒரு கணக்கு இருந்தது. வாப்பா மௌத்தானபோது உம்மா கரைத்தீவு வீட்டில் இத்தா இருந்தா. நாலு மாதம் பத்து நாள். அந்த நாட்களை எண்ணி, முடிகிற அன்று கத்தம் ஓதச் சாமான் ஏற்றி வந்தவர் மஸாஹிர்தான். அதனால் அன்று பின்னேரமே போனில் நாலு மாதம் பத்து நாளுக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வைத்தார். 'ஸுஹைரா' என்று பெயரும் எழுதினார். ஐஸுக்கு நேரம் வைப்பது போல, லோட்டுக்கு நேரம் வைப்பது போல. வைத்துவிட்டால் மனதில் சுமக்க வேண்டியதில்லை.

வீடு ஸுஹைராவுடையது. ஆகவே அவர்தான் பையை எடுத்துக்கொண்டு கரைத்தீவில் மூத்த சகோதரி றம்லாவிடம் போனார். வந்தது போலவே, ஒரு பையோடு.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடா" என்று றம்லா ராத்தா ஒவ்வொரு நாளும் அரிப்பா.

"நேரம் இருக்கு ராத்தா. போனில போட்டு வச்சிருக்கன்."

"பொஞ்சாதியப் போனில போட்டு வச்ச ஒரே ஆம்பிள நீதான்டா."

அவர் சிரித்துவிட்டு ஓடுவார். அவவும் நாட்கணக்கைக் கேட்கவில்லை. பள்ளிவாசலில் சொல்லியிருப்பார்கள்தானே என்று விட்டுவிட்டா.

ஸுஹைராவின் வீட்டில் ஹோர்ன் சத்தம் நின்றுபோனது. முதல் கிழமை அவளுக்கு அதுவே பயமாக இருந்ததாம்; சோற்றை நேரத்துக்கு இறக்கிவிட்டு, யாருக்காக இறக்கினேன் என்று பானைக்கு முன்னால் நின்றாளாம். இதை என் உம்மாவிடம் வேலியடியில் சொன்னாள். தேவையில்லாமல் வெளியே போகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஜௌபரோடு பஸ்ஸில் போய் வந்தாள். மபாஸாவின் இடது காது பாதிக்கு மேல் கேட்பதில்லை என்று தெரிந்தது. இனி வகுப்பில் முன் வாங்கு. வருடம் முடியக் காதுக்கு ஒரு கருவி. அந்த ஆஸ்பத்திரித் துண்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முந்தி அவள் உட்கார்ந்திருந்ததும் எங்களுக்கு ஞாபகமில்லை. ஓடுகிறவனின் வீட்டில் எல்லாரும் ஓடத்தான் வேண்டும்.

கிழமைக்கு ஒரு முறை படலையில் ஒரு பை தொங்கும். பாரை, சில நேரம் இறால். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார் மஸாஹிர். ஸுஹைரா அதை எடுத்து ஆய்ந்து மகளுக்குப் பொரித்துக் கொடுப்பாள். பையை உதறி உதறிப் பார்ப்பாள் என்று உம்மா சொன்னா. ஒரு துண்டுக் கடிதம் கூட இருக்காது.

ஒக்டோபர் நடுவில் கடல் அடங்கி சீசன் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். நான் கடையடியில் நின்றேன். ஸுஹைரா நல்ல உடுப்பு உடுத்தி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படலைக்கு வந்து நின்றாள். கரையிலிருந்து லொறி வரும் நேரம் அது. அவளுக்கு அந்த நேரம் தெரியாமல் இருக்க முடியாது. தூரத்தில் லொறி தெரிந்தது. அவள் படலையைத் திறந்து ஒரு அடி வெளியே வைத்தாள்.

லொறி மெதுவானது. மஸாஹிர் அவளைக் கண்டார். முகம் மலர்ந்தது, பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே மலர்ந்தது. ஒரு காதில் போன். மற்றக் கையை ஜன்னலால் நீட்டி, விரல்களைக் குவித்து ஆட்டினார். பிறகு வாறேன், கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

போய்விட்டார். ஐஸ் தண்ணீர் றோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. ஸுஹைரா அந்தக் கோடு காயும் வரைக்கும் நின்றாள் என்று சொன்னால் கதைக்காகச் சொல்வதாக நினைப்பீர்கள். வெயில் கடுமை. காய அதிக நேரம் எடுக்கவில்லை.

ஒன்பது நாளில் ஜௌபர் அலுவலகத்துக்கு வந்து, "தங்கச்சிட இத்தா முடிஞ்சிட்டு" என்றார். எழுதினேன்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மஸாஹிர் பள்ளிக்கு வந்தார். முதல் ஸஃப் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளை ஜிப்பா, அத்தர். லொறியைக் கரைத்தீவிலேயே விட்டுவிட்டு றம்லாவின் கணவருடைய மோட்டர் சைக்கிளில் வந்திருந்தார். தொழுகை முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும் எழும்பவில்லை. துஆவை நீட்டி ஓதினார். பிறகு அலுவலகத்துக்கு வந்தார். கையில் மகளுக்கு ஒரு புதுப் புத்தகப் பை. இரண்டு போனையும் மேசையில் வைத்தார். இரண்டும் நிறுத்தப்பட்டிருந்தன.

"மௌலவி, இண்டைக்குத்தான் எனக்கு ஆறுதல் கிடைச்சது. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு, ஆனா நான் முந்தியே வந்திட்டன். வாங்க, போய்ச் சொல்லுவம்."

மௌலவி என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன்.

"எதுக்கு ஒரு மாசம் ஈக்கு, மஸாஹிர்?"

"இத்தாவுக்கு. நாலு மாசம் பத்து நாள்தானே."

"யா அல்லாஹ்." மௌலவியின் குரல் தணிந்துவிட்டது. "அது புருஷன் மௌத்தான பொம்புளைக்கு. ஒங்கட இத்தா முடிஞ்சு மூணு கிழம."

மஸாஹிர் சிரிக்கப் பார்த்தார். உதடு பாதி வழியில் நின்றது. புத்தகப் பையின் பட்டியை ஒரு தரம் இறுக்கினார், பிறகு தளர்த்தினார்.

"யாரும் சொல்லல்லையே."

"நான் சொன்னேன். நீங்க வெளங்கிச்சு எண்டீங்க."

இனி அவளுடைய சம்மதத்தோடு புது நிக்காஹ் செய்யலாம் என்றார் மௌலவி. கதவு மூடவில்லை, ஆனால் சாவி இனி அவளிடம். கேட்டு வருவோம் என்று புறப்பட்டார்கள். மஸாஹிர் பள்ளி விறாந்தை வாங்கில் இருந்தார். நான் மௌலவியோடு போனேன்.

ஸுஹைரா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். ஜௌபர் வாசலில். மௌலவி நடந்ததை முழுதாகச் சொன்னார். மஸாஹிருக்காகக் கொஞ்சம் இரங்கியும் சொன்னார். நாட்களைப் பிழையாக எண்ணிவிட்டார், மனம் பிழையில்லை என்றார்.

சீலைக்குப் பின்னாலிருந்து ஸுஹைரா கேட்டாள்.

"அப்ப, அவர் மௌத்தானா நான் இருக்க வேண்டிய இத்தாவையா எண்ணிக்கொண்டு இருந்தாரு?"

மௌலவி தலையைக் குனிந்துகொள்ள, அவளே தொடர்ந்தாள்.

"ஒரு நாள் படலைக்கு வந்தேன் மௌலவி. அவர் எறங்கவும் வேணாம். ஜன்னலால சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் ஓமெண்டுதான் வந்து நிண்டேன்." குரல் உடையவில்லை. உடைந்து முடிந்த குரல் அது. "அல்லாஹ் அந்த நாளெல்லாம் சும்மா தரல்ல. யோசிக்கச் சொல்லித் தந்தீக்கான். ரெண்டு பேருக்கும் தந்தான். நான் இருந்து யோசிச்சிட்டேன். என்ட பதில் ஏலாது எண்டு சொல்லுங்க. மபாஸாவ எப்ப வேணுமெண்டாலும் வந்து பாக்கட்டும். வந்தா என்ஜின நிப்பாட்டிட்டு வரச் சொல்லுங்க. புள்ளைக்கு அந்தச் சத்தத்துல கேக்குதில்ல."

திரும்பி வந்து மௌலவி சொன்னார். கூட வந்த ஜௌபர் மஸாஹிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், தோளில் கை வைத்தார். பின்னேர அஸர் பாங்கு வரைக்கும் மஸாஹிர் அதே வாங்கில், அதே இடத்தில் இருந்தார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் ஒரு அதிசயத்தைப் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றுதான் ஊர் கண்டது. அவருடைய உம்மா, திறந்த அலுமாரிக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அஸருக்குப் பிறகு போன்களை எடுத்து இயக்கினார். உடனே இரண்டும் அடிக்கத் தொடங்கின. ஒன்றை எடுத்து, "ஓம், வாறன்" என்றார்.

டிசம்பர் கடைசியில் புத்தளம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னைக் கண்டு மஸாஹிர் நானா லொறியை நிறுத்தினார். நிறுத்தவில்லை, மெதுவாக்கினார். ஓடி ஏறினேன். பாலாவி வரை அவர் மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்று அலுவலக மூலையில் இருந்து சொல்லாத ஒரு வசனம் என் வாய்க்குள் கிடந்தது. இனி அதைச் சொல்லி என்ன.

டாஷ்போர்டில் கிடந்த போன் அடித்தது. அழைப்பு அல்ல, நினைவூட்டல். திரையில் 'ஸுஹைரா' என்று இருந்தது. நாலு மாதம் பத்து நாள்.

அவர் பார்வை றோட்டில் இருந்தது. பெருவிரல் தன் பாட்டில் போய், 'பத்து நிமிடம் கழித்து' என்ற இடத்தை அமர்த்தியது. அமர்த்திய பிறகுதான் அவர் பெயரைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

பத்து நிமிடத்தில் அது மறுபடி அடித்தது. பாலாவிச் சந்தியில் இறங்கும்போது, எனக்குப் பின்னால், என்ஜின் சத்தத்துக்கு நடுவில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.